பதிமூணு

போல்ட்டைக் கையில் வாங்கியதும் முதலில் தன் ஸ்பேனரில் பொருத்திப் பார்ப்பார். பொருந்தாவிட்டால் விலைகூடக் கேட்காமல் கடைக்காரரிடம் திருப்பி வைத்துவிடுவார். பதிமூன்றாம் எண் ஸ்பேனர். மற்றவர்களுக்குச் சாவிக்கொத்து தொங்கும் இடுப்பில் அவருக்கு அதுதான் தொங்கும். பட்டறைத் தெருவில் அவருக்குப் 'பதிமூணு' என்றே பெயர். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர் செய்வது, கையால் சுற்றி மக்காச்சோளம் உதிர்க்கும் இயந்திரம். கதிர் போட ஒரு வாய், உள்ளே பல் வைத்த உருளை, ஒரு கைப்பிடி, நான்கு கால்கள். மொத்தம் இருபத்திரண்டு போல்ட்; எல்லாம் ஒரே அளவு. "காட்டு நடுவுல நிக்கிறவன் டூல் பாக்ஸைத் தூக்கிக்கிட்டா அலைவான்? ஒரு ஸ்பேனர் இருந்தாலே பெரிய விஷயம்" என்பார். எந்தக் காடு என்று கேட்டால், கையைத் தூக்கிக் கடல் இருக்கும் திசையைக் காட்டுவார்.

உள்ளூரில் மோட்டார் வைத்தது வந்தபின் இதை யாரும் சீண்டுவதில்லை. கரண்ட் எட்டாத வயல்கள் உள்ள வெளிநாடு ஒன்றில் முந்நூறு கேட்டிருக்கிறார்கள். அது கைகூடினால் பட்டறை ஓடும். இல்லையென்றால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

கழற்றிப் பெட்டியில் அடைத்தால் கன்டெய்னரில் மூன்று மடங்கு கொள்ளும். அங்கே போய்ப் பூட்டிக்கொள்வார்கள். அதற்காக, ஓர் எழுத்துகூட இல்லாமல் எட்டுப் படங்கள் பென்சிலால் வரைந்து உள்ளே வைத்திருந்தார். அந்தத் தாள் மேல் அவருக்கு அத்தனை பெருமை.

முதல் மாதிரிக்கு வந்த பதிலை மனைவி போனில் பார்த்துச் சொன்னாள். கடிதப் போக்குவரத்தெல்லாம் அவள் பொறுப்பு.

"சோளம் உதிரலையாம். கதிர் திரும்பி வந்து மூஞ்சியில அடிக்குதாம். இன்னொண்ணு அனுப்புங்க, அதுவும் இப்படின்னா வேற நாட்டுல பாத்துக்கறோம்னு போட்டிருக்கான்."

கூடவே ஒரு போட்டோ. அவர் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பூட்டினதெல்லாம் சரிதான். கைப்பிடி வலது பக்கம் இருக்கு பாரு. அவனுக்குச் சுத்தத் தெரியல."

"அங்க அத்தனை பேருக்குமா தெரியல?" என்றாள். "ஒண்ணுமே தெரியாத ஆள் ஒருத்தரைப் பூட்டச் சொல்லிப் பாருங்க. அப்புறம் அனுப்பலாம்." சனிக்கிழமை கப்பல்.

பக்கத்து சலூன்காரர் வந்தார். "ஒண்ணுமே தெரியாதவன்னதும் என் ஞாபகம் வந்துருச்சாக்கும், அண்ணி?"

"நீங்க வாயைத் திறக்கக் கூடாது" என்று மனைவி கணவருக்குக் கட்டளை போட்டாள். அவர் ஜன்னலோரம், வழக்கமாக நிற்கும் இடத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சலூன்காரர் தாளைத் தரையில் விரித்து, சீட்டியடித்தபடி ஒவ்வொரு படமாகப் பூட்டினார். நாற்பது நிமிடம். காய்ந்த கதிர் ஒன்றைப் போட்டுச் சுற்றினார். அது துள்ளி வந்து அவர் நெற்றியில் அடித்தது.

"அண்ணே, என்மேல கோபம்னா நேர்ல சொல்லக் கூடாதா?"

அவர் சிரிக்கவில்லை. "கைப்பிடியை ஏன் இடது பக்கம் போட்டே?"

"வலது பக்கம்தானே போட்டிருக்கேன். படத்துல அப்படித்தானே இருக்கு?"

"அது எனக்கு வலது."

"சுத்துறது நானில்ல? நான் இங்க நிக்கிறேன்."

அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். வெளிச்சம் இந்தப் பக்கம்தான் என்பதால், பட்டறை திறந்த நாளிலிருந்து இயந்திரத்தின் முதுகுப் பக்கம் நின்றே பூட்டியிருக்கிறார். படமும் இங்கிருந்தே வரைந்தது. கதிர் போடுகிறவன் எதிரே நிற்பான். படத்தில் இருப்பதுபோல் தன் வலது கைக்குக் கைப்பிடியை வைப்பான். கைப்பிடியோடு உருளையும் திரும்பி, அதன் பற்கள் திசை மாறிவிடும். மனைவியிடம் போனை வாங்கி அந்தப் போட்டோவை மறுபடி பார்த்தார். கதிர் போடும் வாய் முன்னால் தெரிந்தது. எதிர்ப் பக்கத்திலிருந்து எடுத்தது.

"அவங்களுக்கு என்ன எழுதட்டும்?" என்றாள்.

அவர் இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்ப் பக்கம் போனார். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் குனிந்து, சலூன்காரரின் இரண்டு செருப்பையும் சுற்றித் தரையில் கோடு போட்டார்.

"கொஞ்சம் தள்ளிக்கோ."

சலூன்காரர் தள்ளிக்கொண்டதும், அந்தக் கோடுகளுக்குள் தன் கால்களை வைத்து நின்று, பென்சிலுக்குக் கை நீட்டினார்.