ஜாஸ்மின் மூன்சாமியின் பாண் புடிங்

நேற்று எங்கள் வீட்டுப் பாண் கல்லாகிவிட்டது. பதுளையில் மூன்று நாளாக விடாத மழை. பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரியிலிருந்து வரும் பாண்காரரின் ஓட்டோ எங்கள் ஏற்றத்தில் மூச்சு வாங்கி ஏறி வந்ததைப் பார்த்துப் பாவப்பட்டு, இரண்டு இறாத்தல் பாண் வாங்கிவிட்டேன். வீட்டில் இருப்பதோ நானும் மகளும்தான். எனக்கு இரக்கம் வந்தால் புத்தி வேலை செய்யாது.

மகள் மிஞ்சிய பாணை விரலால் தட்டினாள். கதவைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. கைப்பேசியில் எதையோ தேடிவிட்டு, "அம்மா, காஞ்ச பாண்ல கரீபியன் புடிங் செய்யலாமாம். தேங்காப்பால், முட்டை, சாதிக்கா எல்லாம் போட்டு. ஆனா ரம் வேணுமாம். அதுக்கு எங்க போறது?" என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்துபோனாள். பிறந்ததிலிருந்து 'பாண் கேக்' என்று அவள் தின்று வருவது அதைத்தான். எங்கள் வீட்டில் மட்டும் ரம்முக்குப் பதில் பால் கலக்காத தேயிலைச் சாயம். ஏன் அப்படி என்று அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சாதிக்காயைத் துருவிக்கொண்டே சொல்லத் தொடங்கினேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

எனக்கு முதல் நியமனம் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில். அப்புத்தளையில் பிறந்து வளர்ந்தவளுக்குக் குளிரும் பனியும் புதிதில்லை. ஆனால் தனியாகச் சமைப்பது புதிது. என் சோற்றை நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டு யோசித்துத்தான் வாய் வைக்கும். என்னைக் காப்பாற்றியவர் காமாட்சி அக்கா. என் குவார்ட்டஸுக்குக் கீழே, தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக இருந்த லயத்தில், கடைசிக் காம்பரா அவருடைய வீடு. கொழுந்து பறிப்பவர். அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் என் வகுப்பில் படித்தார்கள். "டீச்சர், நீங்க சமைக்காதீங்க. அந்த மண்ணெண்ணெயாச்சும் மிஞ்சும்," என்று சொல்லிவிட்டு, காலையில் ரொட்டியும் சம்பலும் அனுப்பிவிடுவார்.

அடுத்த வருடம் ஒரு நாள், அதிபர் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். "பிள்ளை, இங்கிலீசு படிப்பிக்க வெளிநாட்டு டீச்சர் ஒராள் வாறாவாம். ஒரு வருசம் உம்மோடதான் தங்க வேணும்," என்றார். தோட்டமே வெள்ளைக்காரியை எதிர்பார்த்தது. நான் என் பங்குக்கு ஒரு முள்ளுக்கரண்டி வாங்கி வைத்தேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவளைப் பார்த்ததும் அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "இதென்ன, எங்கட ஆள் மாதிரியெல்லோ இருக்கிறா!"

காமாட்சி அக்காவின் தங்கை என்று சொன்னால் யாரும் நம்பியிருப்பார்கள். அதே கறுப்பு, அதே நெற்றி. பெயர் ஜாஸ்மின் மூன்சாமி. கயானாவிலிருந்து வந்திருந்தாள். தேசப்படத்தில் அது தென்னமெரிக்காவின் தலையில் இருக்கிறது. ஆனால் தங்களைக் கரீபியன்காரர் என்றுதான் சொல்லிக்கொள்வார்களாம். அவளுடைய பாட்டனாரின் அப்பா, மதராசிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். தமிழ் அந்தத் தலைமுறையோடு போய்விட்டது. மிஞ்சியது 'மாரியம்மா' என்ற ஒரு சொல்லும், யாரோ ஒரு துரை காதில் விழுந்தபடி எழுதிவைத்த அந்தப் பெயரும்தான். காமாட்சி அக்காவுக்கு அதைப் பிரித்து எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "மூன்சாமியா? அட, முனுசாமிங்க! எங்க தாத்தா பேரு!"

லயத்தைப் பார்த்ததும் ஜாஸ்மின் நின்றுவிட்டாள். ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள், முன்னால் தண்ணீர் ஓட ஒரு கான். தங்கள் ஊரிலும் இதே கட்டடம் இருந்தது, அதற்கு 'லோஜி' என்று பெயர், தன் அம்மா பிறந்தது அப்படி ஒன்றில்தான் என்றாள். என் ஆங்கிலம் அப்போது நொண்டி. இருந்தாலும் அதை மொழிபெயர்த்தேன். "எங்க போனாலும் நமக்கு இதே வீட்டத்தான் கட்டிக் குடுத்திருக்கானுங்க," என்றார் காமாட்சி அக்கா.

அதற்குப் பிறகு இருவருக்கும் நான் தேவைப்படவில்லை. கையாலும் கண்ணாலும் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ரொட்டி இப்போது முதலில் அவளுக்குப் போனது.

சில மாதம் கழித்து ஜாஸ்மினுக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது. அவள் அம்மா பிறந்தநாளுக்குச் செய்யும் பாண் புடிங்கைத் தானும் செய்யவேண்டும் என்றாள். பதுளைக் கடையில் உலர்ந்த திராட்சையைப் 'பிளம்ஸ்' என்று கேட்டு வாங்கினேன். சாதிக்காய், கறுவாப்பட்டை, தேங்காய் எல்லாம் சேர்ந்தன. ரம் எனக்குத் தெரியாத சமாசாரம். பள்ளிக்கூடக் காவலாளியிடம், கால் போத்தல் சாராயம் வாங்கித் தரச் சொன்னேன். கல்யாணமாகாத டீச்சர் கேட்கிற பொருளா அது? அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பரிவோடு, "இருமலுங்களா டீச்சர்?" என்றார். ஆமாம் என்று ஒரு இருமல் இருமியும் காட்டினேன்.

என் மண்ணெண்ணெய் அடுப்பில் புடிங் வேகாது, கீழேயும் மேலேயும் தணல் வேண்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு காமாட்சி அக்காவின் வீட்டுக்கு இறங்கினோம். அங்கேதான் என் புத்தி என்னைக் கைவிட்டது.

காமாட்சி அக்காவின் புருஷன் குடித்தே செத்தவர். கசிப்பு என்கிற கள்ளச்சாராயம். அது நடந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. அன்றைக்கு வீட்டிலிருந்த போத்தல்களையெல்லாம் பொறுக்கிக் கானில் போட்டு உடைத்தவர், அப்புறம் மண்ணெண்ணெயைக்கூடத் தகரத்தில்தான் வைத்திருந்தார். போத்தல் என்ற உருவமே அந்த வாசல் நிலையைத் தாண்டக்கூடாது. லயத்தில் ஒவ்வொருவருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்த நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஜாஸ்மின் பாணைப் பிய்த்துப் பாலில் ஊறப்போட்டாள். முட்டை அடித்தாள். பிறகு பைக்குள் கைவிட்டு அந்தக் கால் போத்தலை எடுத்து, அடுப்புத் திட்டில் வைத்தாள். சாதிக்காய் துருவிக்கொண்டிருந்த காமாட்சி அக்காவின் கை நின்றது.

"இத யாரு கொண்டாந்தது?"

நான் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. ஒன்றும் அறியாத ஜாஸ்மின் சிரித்துக்கொண்டு, பிளம்ஸ் கிண்ணத்தையும் போத்தலையும் மாறி மாறிக் காட்டினாள். காமாட்சி அக்கா எழுந்து, இரண்டு பிள்ளைகளின் கையையும் பிடித்துக்கொண்டு வெளியே போனார். பீலியடியில், தண்ணீர் விழுகிற இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் நான் உடைந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பழி என்னுடையது என்பதையும் சொன்னேன். ஜாஸ்மினின் முகம் கறுத்தது. போத்தலை எடுத்துக்கொண்டு போய் வாசல் கானில் கவிழ்த்தாள். நாற்றம் குப்பென்று லயம் முழுவதும் பரவியது. பத்துக் கதவுகளும் திறந்தன. பக்கத்துக் காம்பராப் பெரியவர் ஒருவர் தலையை நீட்டி, "ஐயோ, யாரு பெத்த புள்ளையோ, இப்பிடிக் கானுக்கு ஊத்துதே!" என்று நிஜமாகவே கண் கலங்கினார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

ஜாஸ்மின் பீலியடிக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். அவள் சொன்னதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அவளுடைய அப்பாவும் அப்படித்தான். கரும்பாலையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி அவருக்குத் தெரியாமல் போகும் நாட்கள் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை புடிங்குக்கு என்று அவள் அம்மா வாங்கும் கொஞ்ச ரம்மை, அவர் கையில் படாமல் அரிசிப் பீப்பாய்க்குள் புதைத்து வைப்பாராம்.

காமாட்சி அக்கா மெல்லத் திரும்பினார்.

"அரிசிக்குள்ளயா?"

"ஆமாங்க்கா."

"கண்டுபுடிச்சிருப்பாரே!"

நான் கேட்டுச் சொன்னேன். ஒவ்வொரு வருடமும் கண்டுபிடித்துவிடுவாராம்.

"நானும் அவரு போத்தல அரிசிப் பானைக்குள்ளதான் ஒளிப்பேன். பசிக்குன்னு ஒருநாளும் அரிசி எடுத்துப் பாக்காத மனுசன், அதுக்குள்ள மட்டும் நேரா கைய விடுவாருங்க." சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று சிரித்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி. நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே ஜாஸ்மினும் சிரித்தாள். இரண்டு பேருக்கும் கண்ணில் நீர். எதற்கான நீர் என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

"அந்தப் பிளம்ஸ ஊறப்போட ஏதாச்சும் வேணும், அவ்வளவுதானே? வாங்க, நம்மகிட்ட இல்லாததா," என்று அடுப்படிக்கு வந்து, கறுப்பாக ஒரு சாயம் ஊற்றினார். பழம் அதிலே ஊறிப் புடைத்தது. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் கொட்டி மூடி, தேயிலைச் செடியைக் கவ்வாத்துப் பண்ணி வெட்டிய மிலாறுக் குச்சிகள் எரிந்த தணலைக் கீழேயும் மூடியின் மேலேயும் பரப்பினோம். அடி கொஞ்சம் கருகியது. வெட்டி எடுத்தபோது செங்கல் போலக் கனத்தது. கறுவாவும் தேங்காய்ப்பாலும் சாயத்தின் லேசான கசப்புமாக அந்தச் சூட்டில் தின்றது நாக்கில் இருக்கிறது. கானைப் பார்த்துக் கண் கலங்கிய பெரியவருக்கும் ஒரு துண்டு போனது. தன் அம்மா செய்வதைவிட இது நன்றாயிருக்கிறது, இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே என்றாள் ஜாஸ்மின்.

வருடம் முடிந்து அவள் போனாள். சில காலம் கடிதம் வந்தது. நான் வாசிக்க, காமாட்சி அக்கா கேட்பார். பிறகு எனக்குப் பதுளை டவுனுக்கு மாற்றலாகிக் கல்யாணமும் ஆனது. வீடு மாறி வீடு மாறி, ஜாஸ்மினின் விலாசம் இருந்த கடித உறைகள் எங்கோ தொலைந்தன. காமாட்சி அக்காவைக் கோயில் திருவிழாவில் கண்டால் பேசுவதோடு சரி. அந்த லயமும் இப்போது இல்லை. மண் இறங்குகிறது என்று ஆட்களை அப்புறப்படுத்தினார்கள். பிறகு கூரைத் தகரம் போயிற்று, சுவரும் போயிற்று.

போன மாதம் அவருடைய சின்ன மகள் கொழும்பிலிருந்து பேசினாள். காமாட்சி அக்கா இறந்து நாற்பது நாளாகிவிட்டது. எனக்குத் தெரியவே இல்லை.

"டீச்சர், அம்மா படம் ஏதும் ஒங்ககிட்ட இருக்குங்களா? எங்ககிட்ட அடையாள அட்டையில உள்ளதுதான் இருக்கு. அதுல அம்மா யாரோ மாதிரி இருக்காங்க."

என்னிடம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஜாஸ்மின் ஒரு படம் எடுத்தாள். பீலியடியில் காமாட்சி அக்கா ஈரக் கையோடு, சூரியனுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு மகள் இந்தப் பக்கம், ஒரு மகள் அந்தப் பக்கம். பிலிமைக் கழுவினால் அனுப்புகிறேன் என்றாள். வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கயானாவில் ஏதோ ஒரு வீட்டில் அது இருக்கக்கூடும். பார்க்கிறவர்கள், தங்கள் குடும்பத்துப் பெண் யாரோ என்று நினைத்துக்கொள்வார்கள்.

"தேடிப் பார்க்கிறேம்மா," என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியாது.