குறை சொல்லக் கூப்பிட்ட அந்தோணிசாமி

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு சகாயமேரி அவர்களிடமிருந்து போன் வந்தது. "சார், அவுக போயிட்டாக" என்றார். "எங்கே?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் அவர் அழுதபோதுதான் புரிந்தது. அந்தக் கேள்வியை நினைத்தால் இன்னும் கூசுகிறது. காலைச் சாப்பாடு முடித்து நாற்காலியில் சாய்ந்த அவருடைய கணவர் அந்தோணிசாமி எழுந்திருக்கவே இல்லை. அறுபத்தொரு வயது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தோணிசாமி அவர்கள் திண்டுக்கல் நாகல்நகரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். எங்கள் ஊர் வழக்கில் ரேடியோ செட்டுக்காரர். கோயில் கொடை, மாதா திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவர் செட்டு நிற்கும். அவரைப் பற்றி எழுத நான் தகுதியானவன்தானா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. பாலிடெக்னிக்கில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எதையும் இரண்டு முறை சரிபார்ப்பேன். சரிபார்த்த பிறகும் நம்பமாட்டேன்.

ஓய்வுக்குப் பின் பொழுதுபோக்காக வீட்டிலேயே ஒரு சப் வூஃபர், அதாவது அடிக்குரலுக்கென்றே உள்ள ஒலிபெருக்கிப் பெட்டி செய்தேன். உறுமி மேளத்தின் அடிக்குரல் எந்த ரேடியோவிலும் எனக்குத் திருப்தியாகக் கேட்டதில்லை. ஆகவே புத்தகம் பார்த்து, பெட்டிக்குள் எவ்வளவு காற்று வேண்டும், காற்று வெளியேறும் குழாய் எவ்வளவு நீளம் என்று கணக்குப் போட்டு, பலகையை நானே அறுத்து ஒட்டினேன். "அலமாரியில வெஞ்சனக் கிண்ணமெல்லாம் ஆடுது" என்று என் மனைவி முறையிட்டாள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அடுத்த தெருக் கல்யாணத்துக்குக் குழல்விளக்கு கட்ட வந்த ஒருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வந்து பெட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குழாய் வாயில் உள்ளங்கையை வைத்து, வெளியே வரும் காற்றைக் கொஞ்ச நேரம் வாங்கினார்.

"இந்த ஓட்டைய யாரு சார் அளந்தது?"

"நான்தான். தப்பா இருக்குதா?"

"தப்பா இருந்தா நான் ஏன் உள்ள வாரேன்?"

அந்தோணிசாமி அவர்கள் எனக்கு அறிமுகமானது இப்படித்தான்.

அப்போது அவரிடம் அடிக்குரல் தரும் பேஸ் பெட்டிகள் சொந்தமாகக் கிடையாது. பெரிய விழா என்றால் வெளியூர்க் கம்பெனியிலிருந்து எடுத்து வருவார். சாணார்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக் கோயில் திருவிழாவை இருபது வருடமாக அவர்தான் செய்துவந்தார். அந்த ஊரார், "நெஞ்சுல அடிக்கிற மாதிரி இருக்கணும், இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். இந்த முறை சொந்தப் பெட்டி செய்துவிடுவது என்று அவர் முடிவெடுத்து, என்னிடம் படம் வரைந்து கேட்டார். மூன்று நாள் வரைந்தேன். பெருமாள் ஆசாரி முக்கால் அங்குலப் பலகையில் இரண்டு பெட்டிகள் செய்தார். மூட்டுகளில் மரத்தூள் குழைத்த பசை பூசினார். எங்கேயாவது காற்று கசிகிறதா என்று அந்தோணிசாமி மூட்டு மூட்டாக ஊதுவத்தியைக் காட்டிப் பார்த்தார். புகை ஓரிடத்திலும் நடுங்கவில்லை.

ஆனால் பாட்டைப் போட்டதும் எங்கள் மூவர் முகமும் வாடிவிட்டது. எந்தத் தாளம் வந்தாலும் டொம் டொம் என்று ஒரே குரல். உறுமியின் இழுப்பு வரவே இல்லை. திருவிழாவுக்கு நான்கு நாள் இருந்தது. ஸ்பீக்கர்தான் கோளாறு என்று நினைத்த அந்தோணிசாமி, அதை விற்ற கடைக்காரரைப் போனில் பிடித்துச் சத்தம் போட்டார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் சும்மா டேப்பை எடுத்துப் பெட்டியை அளந்தேன். நான் வரைந்தது உள் அளவு. ஆசாரி செய்தது வெளி அளவு. பலகையின் கனம் எல்லாப் பக்கமும் உள்ளே போய், காற்றுக்கு இருந்த இடத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. படத்தை எடுத்துப் பார்த்தேன். 'உள் அளவு' என்று நான் எங்குமே எழுதவில்லை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலைவலி என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை நடந்ததையெல்லாம் ஒரு கடிதமாக எழுதினேன். குழாயை எட்டு அங்குலத்திலிருந்து பதினோரு அங்குலமாக நீட்டினால் குரல் கீழே இறங்கும் என்பதையும் எழுதி, மடித்து, ஆசாரியின் பட்டறைக்குக் கொண்டுபோய் அந்தோணிசாமியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"என்ன சார் இது? லெட்டரெல்லாம் கலெக்டருக்குக் குடுங்க. எனக்கு வாயால சொல்லுங்க."

சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "நேத்தே தெரியுமா?" என்றார். "தெரியும்" என்றேன். ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டார்.

பெருமாள் ஆசாரி உளியைத் தீட்டிக்கொண்டே பேசினார். "ஐயா, அலமாரின்னாலும் பெட்டின்னாலும் நாங்க வெளியளவுதான் புடிப்போம். உள்ளளவுன்னா எழுதணும்ல? இம்புட்டுப் படிச்சு என்னத்துக்கு?" நட்பு முடிந்தது, இருபது வருட வேலையும் அவர் கைவிட்டுப் போகிறது, இரண்டுக்கும் நானே காரணம் என்று உட்கார்ந்திருந்தேன்.

அரை மணி கழித்து ஸ்கூட்டர் திரும்பி வந்தது. முன்னால் ஆறங்குல விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்று நின்றது. கைப்பிடியில் வடைப் பொட்டலம் தொங்கியது.

"கோவத்துலதான் சார் போனேன். பேகம்பூர் தாண்டுறதுக்குள்ள எறங்கிருச்சு. எதுத்தாப்புல குழாக்கடை. பதினொண்ணுதானே சொன்னீக?"

குழாயை அறுக்கும் முன் அவர் ஒரு காரியம் செய்தார். ஸ்பீக்கர் கடைக்காரருக்குப் போன் போட்டார். "அண்ணே, நேத்து வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். ஸ்பீக்கர் தங்கம். தப்பு எங்க பக்கம்" என்றார். என் பக்கம் கையைக் காட்டியிருக்கலாம். 'எங்க பக்கம்' என்றார். முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் நின்றவன் நான். பிழை செய்தவனை இப்படி நடத்தலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

திருவிழாவன்று நானும் போனேன். குழாய் நீண்டதில் குரல் இறங்கியிருந்தது. ஆனால் இழந்த காற்று இழந்ததுதான், பலம் கொஞ்சம் குறைவு. மேடைக்கு இரண்டு பக்கமும் வைக்க வேண்டிய பெட்டிகளை அவர் ஒன்றாக ஒட்டி, கோயில் மதில் ஓரமாகத் தரையிலேயே வைத்தார். "ஒண்ணா நின்னாத்தான் சார் பேஸுக்குப் பலம். செவுரும் தரையும் சும்மா குடுக்கிறத ஏன் விடணும்?" என்றார். பிறகு கூட்டத்தைத் தாண்டிக் கடைசி வரை நடந்துபோய்க் கேட்டார். என் கணக்கில் இந்த நடை இல்லை. உறுமி தொடங்கியதும் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து அவர் தோளில் அடித்தார். "ஏலே அந்தோணி, நெஞ்சுக்குள்ள வந்து உக்காந்துருச்சுடா!" அடுத்த வருட வேலையும் அங்கேயே பேசி முடிந்தது.

அதற்குப் பிறகு எந்தப் பெட்டி செய்தாலும், மூடும் முன் என்னைக் கூப்பிடுவார். "நல்லாருக்குன்னு சொல்ல ஊரே இருக்கு சார். செத்த நேரம் வந்து குறை சொல்லிட்டுப் போங்க." முதல் வருடம் நான் முணுமுணுப்பேன். "சத்தமா" என்பார். பதினான்கு பெட்டிகள் செய்தோம். கடைசி நாலைந்தில் நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னதாக ஞாபகம்.

அடக்கத்தன்று ஊரிலுள்ள மற்ற ரேடியோ செட்டுக்காரர்கள், அவரோடு போட்டி போட்டவர்கள் உட்பட, கூப்பிடாமலே வந்தார்கள். ஆளுக்கொரு பெட்டியைக் கொண்டுவந்து பந்தலுக்கு இரு பக்கமும் வைத்துப் பாடல் போட்டார்கள். பாடல் மெலிந்து, சோகையாக ஒலித்தது. பந்தல் நடுவில் பேஸ் சுத்தமாக இல்லை. ஒரு பக்கத்துப் பெட்டிகள் காற்றைத் தள்ளும்போது மறுபக்கத்துப் பெட்டிகள் இழுத்தால் இப்படித்தான் ஆகும். ஏதோ ஒரு பக்கம் வயர் மாறியிருக்க வேண்டும். சாவு வீட்டில் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தேன். மூன்றாவது முறை நடந்துபோய், ஆம்பிளிஃபையர் அருகில் இருந்தவரிடம், "இடது பக்கம் வயர் மாறியிருக்கு. மாத்திக் குடுங்க" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

அவர் மாற்றினார். தாழ்ந்த குரல் தரை வழியாக வந்து பந்தல் முழுவதும் நிறைந்தது. அந்தோணிசாமி அவர்களின் தலைமாட்டில் குனிந்திருந்த சகாயமேரி நிமிர்ந்தார். "இப்பத்தான் அவுக செட்டு மாதிரி இருக்கு" என்றார். பந்தலின் வெள்ளைத் துணி ஒவ்வோர் அடிக்கும் மெல்ல எழும்பி எழும்பித் தாழ்ந்துகொண்டிருந்தது.

அந்தோணி, உங்களுக்கு அது பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்த ஒரு முறை சரிபார்க்கவில்லை. போய் வாருங்கள்.