செலண்டார் வழியில் பறிபோன திருவிருந்து ரொட்டி

இரண்டு வாரத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை நம் போதகரோடு செலண்டார் தாண்டியுள்ள தோட்டத்துக்குப் போனேன். அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டும் எஸ்தர் அக்கா நெஞ்சு நோயில் படுத்திருந்தார். கண்ணை மூடுவதற்குள் ஒரே ஒரு தடவை திருவிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். இந்த அவசரகாலத்தில் அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மலாக்காவிலிருந்து காலை ஏழு மணி பஸ். இருபது மைல், எண்பது காசு. வழியில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். செலண்டாரிலிருந்து இரண்டு மைல் நடை. போதகர் பையில் திருவிருந்துக்கென்று ஒரு ரொட்டியும் சின்னக் குப்பியில் திராட்சை ரசமும் இருந்தன.

தோட்டத்து முள்வேலி வாசலில் காவலுக்கு நின்றவர் நம் தமிழர்தான். பையைத் திறந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, சாப்பாட்டுச் சாமான் உள்ள போகக்கூடாது லா. காட்டுக்குள்ள இருக்கிற கம்யூனிஸ்ட்காரனுக்குப் போயிடும்னு பயம். சாமி பிரசாதம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டுடறேன்."

நல்ல மனுஷன். நான் வாயைத் திறப்பதற்குள் போதகர் சொல்லிவிட்டார்.

"பிரசாதம் இல்ல தம்பி. ரொட்டிதான். ஜெபம் பண்ணாலும் ரொட்டியாத்தான் இருக்கும்."

"அப்ப சாப்பாடுதானே?"

"சாப்பாடுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! ரொட்டியும் ரசமும் வாசலிலேயே நின்றுவிட்டன. தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரைக்கும் போதகரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். தோட்டத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஆக்கும் பொதுச் சமையல் சோற்றையாவது வைத்துத் திருவிருந்து கொடுங்கள் என்று கெஞ்சினேன். வேதத்தில் ரொட்டி என்றுதான் இருக்கிறது என்றார். பிடிவாதம் பிடித்த மனுஷன்.

எஸ்தர் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நடந்ததைப் போதகரே சொன்னார். அழுவார், கத்துவார் என்று பயந்தேன்.

"பிரசாதம்னு சொல்லலையே நீங்க?"

"இல்லம்மா."

"பின்ன என்ன ஐயா. தாயத்து, நேர்த்தி எல்லாத்தயும் விட்டுட்டு வந்தவ நான். எங்கண்ணன் இன்னும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. வேதத்துக்கு மேல ஒண்ணும் சேக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. வேதத்த எடுத்து ஒரு சங்கீதம் வாசிங்க."

போதகர் வாசிக்க முடியாமல் அழுதார். நான்தான் வாசித்து முடித்தேன்.

போகிறவர்கள் அடையாள அட்டையை மறக்காதீர்கள். மூன்று மணிக்குள் திரும்பிவிடுங்கள். ரொட்டி கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். மறுநாள் திங்கட்கிழமையே எழுதிக் கொடுத்தோம், கைக்கு வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். எஸ்தர் அக்காவுக்கு ஆறு நாள்தான் இருந்தது.