கம்பெனி டயரே போதுமுங்களா?

டயர்க் கடைக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. நகைக் கடைக்குள் நுழைகிறவர் முகத்தையும் எங்களிடம் வருகிறவர் முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டின் மேலேயே இருபத்திரண்டு வருடமாக டயர் மாட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வழியாக மலைக்கு ஏறுகிற பிக்கப் வண்டிகளில் பாதி, என் கடை முன்னால் ஒரு தடவையாவது நின்றிருக்கும். புது வண்டி எடுத்தவர்கள் சீட்டு மேல் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வந்து கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “ஏனுங்க, கம்பெனியில போட்டுக் குடுத்த டயரே போதுமுங்களா?”

போதும் என்றால் எனக்கு வியாபாரம் இல்லை. போதாது என்றால், தலையில் கட்டப் பார்க்கிறான் என்பார்கள். உங்களில் யாராவது கடை வைத்திருந்தால் இந்த அவஸ்தை புரியும். ஆனாலும் மனசறிந்து உண்மையான பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், போன வருடம் என் மனைவி மல்லிகா ஒரு பிக்கப் வாங்கி, அதைத் தானே ஓட்டிக்கொண்டு கோத்தகிரி மலை ஏறப்போகிறேன் என்று சொன்ன நாள் வரைக்கும். அவள் பத்திரமாக இறங்கி வர வேண்டுமே என்ற கவலை வந்த பிறகு, ஊருக்கெல்லாம் சொன்ன பதில் எனக்கு உதவவில்லை.

எலுமிச்சம்பழம் ஏறிய டயர்

அன்னூர்ப் பக்கம் வாழைத்தார் ஏற்றுகிறவர் ரங்கசாமி. வண்டி எடுத்த இரண்டாம் வாரமே வந்துவிட்டார். எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்; கம்பெனி எழுதியிருப்பதைப் போல ஒன்றரைப் பங்கு. “கம்பெனி சொன்ன பாரத்துக்குக் கம்பெனி டயர் போதுமுங்க. நீங்க சொல்ற பாரத்துக்கு எந்த டயரும் போதாது. தாரைக் கொறைங்க” என்றேன். குறைத்துக்கொள்கிறேன், ஆனாலும் பின்னால் இரண்டு மட்டும் கனமான டயராக மாட்டுங்கள், மனசுக்குத் தெம்பாக இருக்கும் என்றார்.

ஜாக்கி வைத்துத் தூக்கும்போது, முன் சீட்டில் இருந்த அவருடைய அக்கா இறங்கி ஓடி வந்தார். கோயில் முன்னால் நிறுத்திப் பூசை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுத்த வண்டியாம். பழம் ஏறிய டயரை எப்படிக் கழட்டலாம் என்று கண்ணில் தண்ணீரே வைத்துவிட்டார். தம்பி மேல் அவ்வளவு பாசம். ஜாக்கியை இறக்கவும் முடியாமல் ஏற்றவும் முடியாமல் நான் நின்றேன். கடைசியில் எதிர்க் கடையில் இரண்டு பழம் வாங்கி வந்து, புது டயருக்கு அடியில் அந்த அக்கா கையாலேயே வைக்கச் சொன்னேன். வண்டி ஏறி இரண்டும் நசுங்கிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. தம்பியிடம் சொன்னார்: “முன்னாடி ரெண்டையும் சாமி பாத்துக்கும், பின்னாடி ரெண்டையும் டயர்க்காரரு பாத்துக்குவாரு, நீ கொஞ்சம் மெதுவாப் போனாப் போதும் கண்ணு.”

டீ டம்ளர் பரீட்சை

என்னோடு பதினைந்து வருடமாக டயர் மாட்டுகிறவன் செல்வராஜ். புது வண்டியைப் பார்த்தால் அவனுக்குக் கை பரபரக்கும். கோட்டைமேட்டில் கண்ணாடி வியாபாரம் செய்யும் காசிம் பாய் காற்றுப் பிடிக்க வந்தபோது, “பெருசா, கெட்டியா நாலு மாட்டிரலாமுங்க பாய், வண்டி கெத்தா நிக்கும்” என்று ஆரம்பித்துவிட்டான். பாய் பக்கத்து பேக்கரியில் ஒரு டம்ளர் டீ வாங்கி வந்து, தன் வண்டியின் டாஷ்போர்டு மேல் வைத்து, என்னை ஏறி ஓட்டச் சொன்னார். ரோடு முனை வரைக்கும் போய்த் திரும்பினேன். டீ அலுங்கியது, ஆனால் சிந்தவில்லை.

அன்றைக்குக் கெட்டியான டயர் மாட்டிய வண்டி ஒன்று கடையில் நின்றது. அதிலும் சரக்கு ஏதும் இல்லை. அதே டம்ளரை அதில் வைத்து ஓட்டச் சொன்னார். முதல் வேகத்தடையிலேயே டீ என் சட்டையில் இருந்தது. செல்வராஜ் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, பாய் தன் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். “டயர் எவ்வளவு தாங்கும்னு எல்லாரும் கேக்குறாங்க தம்பி, ஏத்துற சரக்கு எவ்வளவு தாங்கும்னு கேக்க மாட்டேங்குறாங்களே.”

ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று

மல்லிகா எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிழல்வலை கட்டி நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறாள். பிளாஸ்டிக் குழித்தட்டுகளில், தேங்காய் நார்த் தூளில் முட்டைக்கோஸும் காலிபிளவரும் முளைத்து வரிசையாக நிற்கும். வாடகை வண்டியில் கோத்தகிரித் தோட்டங்களுக்கு அனுப்பினால் பாதி வதங்கிப் போகிறது என்று சொல்லி, நாற்பத்தைந்து வயதில் ஓட்டப் பழகி, லைசென்ஸும் எடுத்து, பிக்கப்பையும் வாங்கிவிட்டாள். முதல் நாள் வண்டியைக் கடை முன்னால் நிறுத்தி இறங்கியவள், மற்ற வாடிக்கையாளர் மாதிரியே கேட்டாள்: “ஏனுங்க, கம்பெனி டயரே போதுமுங்களா?” கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

நாற்று என்ன பெரிய பாரம்? தாராளமாகப் போதும். எனக்குத் தெரியாததா? ஆனால் வாயில் வரவில்லை. வெடித்த டயரைக் கடைக்குக் கொண்டு வருகிறவர் சில நாள் வண்டியை ஓட்டினவராகவே இருப்பார். சில நாள் அவருடைய தம்பியோ மச்சானோ கொண்டு வருவார். அப்போது நாங்கள் ஒன்றும் கேட்க மாட்டோம். அப்படி வந்து நின்றவர்களின் முகமெல்லாம் அந்த நேரம் பார்த்து எனக்கு ஞாபகம் வந்தது. “போதாது அம்மணி” என்று சொல்லிவிட்டேன். கடையில் இருந்ததிலேயே கனமான டயர் நாலை மாட்டி, கம்பெனி டயரைப் பரண் மேல் போட்டேன். செல்வராஜ் வீல் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தான். “ஏனுங்ணா, ஊருக்கெல்லாம் போதும்னு சொன்னது இந்த வாய்தானுங்களா?”

தொட்டியில் குமிழி இல்லை

தினமும் காலையில் நாலு டயருக்கும் அறுபது காற்று வைத்து நானே அனுப்புவேன். சாயங்காலம் அவள் வந்து இறங்குவதற்குள் மீட்டரோடு குனிந்துவிடுவேன். நாற்பது காட்டும். நாலும் நாற்பது. ஒரு டயரில் ஆணி ஏறலாம், நாலிலும் சொல்லிவைத்த மாதிரி ஏறுமா என்று யோசித்திருக்க வேண்டும். பயந்தவனுக்கு யோசனை எங்கே வரும்? சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வால்வு பின் நாலையும் மாற்றினேன். கழட்டித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. டயர் அனுப்பிய டீலருக்குப் போன் போட்டுச் சண்டையும் பிடித்துவிட்டேன். மல்லிகா பக்கத்தில் நின்று, “விடுங்க, இந்த டீயைக் குடிங்க” என்பாள். முகத்தை மட்டும் நேராகப் பார்க்க மாட்டாள்.

மூன்றாவது வாரம், காரமடையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் மூர்த்தி ஒட்டுப் போடும் சாமான் வாங்க வந்தார். நான் மறுபடியும் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு புலம்பியதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பாவமாக இருந்திருக்க வேண்டும். கிட்டே வந்து குனிந்து சொன்னார்: “நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்ணா, அக்காதானுங்க தெனமும் மலைக்குப் போறப்ப நம்ம கடையில நிறுத்தி, நாலுலயும் காத்தை எறக்கிட்டுப் போறாங்க.”

மடியில் ஒரு தட்டு

மறுநாள், “நானும் வாரேன்” என்று ஏறி உட்கார்ந்தேன். பின்னால் அடுக்கியது போக மீந்த ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டேன். காரமடை வந்தது. மூர்த்தி கடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நிறுத்தாமல் போனாள். அடுத்த குழியிலேயே தட்டு எகிறியது. மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் என் மடியெல்லாம் நார்த் தூள். நாற்றுகள் வேரோடு கிளம்பிச் சாய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் வைத்து விரலால் அமுக்கினேன். மறுபடி எகிறின. காசிம் பாயின் டீ ஞாபகம் வந்தது. “வண்டிய ஓரமா நிறுத்து அம்மணி” என்றேன். இறங்கி, நானே நாலு டயரிலும் காற்றை இறக்கினேன். “நாப்பதுதானே வெப்பே?” என்று கேட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இந்தப் பாரத்துக்கு அது சரியான அளவுதான். தெரிந்துதான் இறக்கியிருக்கிறாள்.

பிறகு மலை ஏறினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்து, கியரைக் குறைத்து, இறங்கி வருகிற பஸ்ஸுக்கு வழிவிட்டு ஏற்றினாள். மூன்று வாரமாக டயரையே பார்த்துக்கொண்டிருந்த நான் அன்றைக்குத்தான் அவள் கையைப் பார்த்தேன். என்னைவிட நிதானமான கை. இதை முதல் நாளே பார்த்திருந்தால் நாலு டயரும் தொட்டியில் முங்கியிருக்காது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “நாத்து சாயுதுன்னு சொன்னா ஒடனே கழட்டிப்போடுவீங்க, அப்பறம் நான் எறங்கி வர்ற வரைக்கும் ஒரு வாய் சோறு திங்கமாட்டீங்க, அதானுங்க சொல்லல.”

அன்று சாயங்காலமே பரணிலிருந்து கம்பெனி டயர் நாலும் இறங்கி, பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தன. இப்போது யார் வந்து கேட்டாலும் பழைய பதிலையே சொல்கிறேன்: கம்பெனி டயர் வண்டிக்குத் தாராளமாகப் போதும், கடையில் உட்கார்ந்து வழி பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டுக்காரனுக்குப் போதுமான டயரைத்தான் இன்னும் எந்தக் கம்பெனியும் செய்யவில்லை.