பேசாத இரண்டு துரைகளும் நடுவில் நானும்

ஜமீன் கச்சேரியில் குமாஸ்தா வேலைக்கு நல்ல கையெழுத்து இருந்தால் போதும் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். நல்ல கால்களும் வேண்டும் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. உத்தமபாளையத்தைத் தாண்டி, கம்பம் ரோட்டில் இருந்த சின்ன ஜமீன் அது. பெயர் வேண்டாம், வாரிசுகள் சௌக்கியமாக இருக்கிறார்கள். இரண்டு எஜமானர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

கூரை மேல் கொடி

பெரியதுரை கௌரவ மாஜிஸ்திரேட். கவர்னர் வந்தால் மாலையோடு வரிசையில் நிற்பவர். அவர் தம்பி சின்னத்துரை கதர் கட்டிக்கொண்டு காங்கிரஸில் சேர்ந்தார். உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த சமயம் சந்தையில் அந்நியத் துணி எரித்தார்கள். துணி போதவில்லை என்று, அண்ணன் தர்பாருக்குப் போட்டுப்போகும் சீமைக் கோட்டு ஒன்றையும் தம்பி தூக்கிப் போட்டுவிட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. வீட்டைப் பிரிக்கவில்லை. வாசல் ஒன்று, அடுப்பு ஒன்று. பேச்சு மட்டும் என் மூலமாக, எழுத்தில்.

முதல் காகிதம், சின்னத்துரை கூரை மேல் ஏற்றியிருந்த காங்கிரஸ் கொடியைப் பற்றியது. "மேற்படி நபர் மேற்படி கொடியை உடனே இறக்க வேண்டியது" என்று பெரியதுரை சொல்லச் சொல்ல எழுதி, நகல் எடுத்து வைத்துக்கொண்டு, முற்றத்தைக் கடந்து போய்க் கொடுத்தேன். தம்பியை அவர் அப்போதிருந்து 'மேற்படி நபர்' என்றுதான் எழுதச் சொல்வார். 'முடியாது' என்ற பதிலையும் நானே எழுதி, நானே கொண்டுவந்தேன். இருவரும் முற்றத்தின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து நான் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னத்துரையின் மனைவியைச் சின்னம்மா என்போம். நடக்கப் பழகாத மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் நின்றவர் என்னிடம் சொன்னார்: "கணக்கப்பிள்ளை, முத்தத்துல ஒரு தபால் பெட்டி வச்சிருங்க. உங்க காலாச்சும் மிஞ்சும்."

வளைவு ஒன்று, விருந்தாளி இரண்டு

கலெக்டர் முகாம் வருவதும், மதுரையிலிருந்து ஒரு காங்கிரஸ் தலைவர் வருவதும் ஒரே நாளில் அமைந்தது. இரண்டு வரவேற்புப் பத்திரத்தையும் நான்தான் எழுதினேன். இரண்டிலும் பெரியாற்றுத் தண்ணீர் வரும், இருபோக நெல் வரும், 'தங்கள் பாதம் பட்டதால்' வரும். பெயர் மட்டும் வேறு. தென்னங்கீற்று வளைவு ஒன்றுதான் கட்ட நேரம் இருந்தது. கலெக்டர் அணைப் பக்கமிருந்து வருகிறார், தலைவர் தேனிப் பக்கமிருந்து வருகிறார் என்று தகவல். ஆகவே வளைவின் தெற்கு முகத்தில் 'மன்னர் வாழ்க', வடக்கு முகத்தில் 'வந்தே மாதரம்' என்று எழுத வைத்தேன். இப்படி ஒரு யோசனை தோன்றியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

கலெக்டர் பயணத்தை மாற்றிக்கொண்டு தேனிப் பக்கமிருந்தே வந்துவிட்டார். காரை நிறுத்தி, வளைவை நிமிர்ந்து பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று தாசில்தாரிடம் கேட்டார். தாசில்தார் இங்கிலீஷில் ஏதோ பதில் சொல்ல, கலெக்டர் வளைவைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்துவிட்டு உள்ளே போனார். தாசில்தார் மட்டும் பின்தங்கி நின்று என் காதில் சொன்னார்: "வெள்ளைக்காரனுக்குத் தமிழ் வாசிக்க வராதது, நம்ம ரெண்டு பேரு பெஞ்சாதியும் செஞ்ச புண்ணியம்வே."

மஞ்சள் பெட்டி

சட்டசபைத் தேர்தலில் பெரியதுரை நின்றார். தம்பி ஊர் ஊராகப் போய், காங்கிரஸின் மஞ்சள் பெட்டிக்கு ஓட்டுக் கேட்டார். இரு தரப்பு நோட்டீஸையும் எழுதியது யார் என்று இனிமேல் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுப் போடும் நாளில் ஜமீன் வண்டிகள் ஆட்களை ஏற்றிவந்தன. ஜமீன் பந்தலில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். பெரியதுரை தோற்றார்.

அவர் கோபப்படவில்லை. ஜமீன் நிலத்தில் உழும் ஒரு சம்சாரியைக் கூப்பிட்டு, என்னதான் நடந்தது என்று நிதானமாகக் கேட்டார். சம்சாரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மறைக்காமல் சொன்னார்: "வண்டி உங்க வீட்டு வண்டி, சோறு உங்க வீட்டுச் சோறு. ஓட்டையும் உங்க வீட்டுக்குத்தான் எசமான் போட்டோம், சின்னத்துரை சொன்ன பெட்டியில."

தேதிவாரி

யுத்த காலத்தில், ஆகஸ்டுப் போராட்டத்தின்போது, சின்னத்துரையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவருடைய காகிதங்களைச் சோதனை போட ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். நான் காகிதங்களைக் கட்சிவாரியாகக் கட்டுவதில்லை, தேதிவாரியாகத் துளையிட்டு ஒரே நூலில் கோத்துவிடுவேன். தடை செய்த துண்டுப் பிரசுரத்துக்கு அடியில், யுத்த நிதிக்கு நன்றி சொல்லிப் பெரியதுரைக்குக் கலெக்டர் எழுதிய கடிதம். அதற்கு அடியில் மறியலுக்கு ஆள் சேர்த்த விவரம். அதற்கும் அடியில் ராஜ விசுவாசத் தீர்மானம். இன்ஸ்பெக்டர் வெகுநேரம் புரட்டிவிட்டு, கட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்: "இதை எடுத்துட்டுப் போனா உங்க வீட்டுல ஒருத்தருக்குப் பதக்கம், ஒருத்தருக்குத் தண்டனை, எனக்கு மாத்தல். இங்கனயே இருக்கட்டும்."

பந்தி

சின்னம்மாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது சின்னத்துரை ஜெயிலில்தான் இருந்தார். பரோலுக்கு மனுப் போட்டுச் சர்க்காரிடம் கெஞ்ச மாட்டேன் என்று எழுதிவிட்டார். அண்ணன் கேட்டால் கிடைக்கும். ஆனால் அண்ணன் பொறுப்பேற்க வேண்டும். தம்பி ஜெயிலுக்குத் திரும்பிப் போகாவிட்டால் மாஜிஸ்திரேட் பதவி போய்விடும். மூத்தவர் முன்னால் நின்று பேசும் வழக்கம் சின்னம்மாவுக்கு இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று, அவர் காதில் விழும்படி என்னிடம் சொன்னார்: "அப்பன் உசுரோட இருக்கையில எம்பிள்ளைக்கு வேற ஆளா தாரை வார்க்கணும்?"

பெரியதுரை என்னைப் பேனாவை எடுக்கச் சொன்னார். மனுவைச் சொல்ல ஆரம்பித்தார். பழக்க தோஷத்தில் நான் 'மேற்படி நபர்' என்று எழுதிவிட்டேன். அவர் பேனாவைப் பிடுங்கி, அதை அடித்துவிட்டு, மேலே 'என் தம்பி' என்று தன் கையாலேயே எழுதினார். மை காயட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னத்துரை வர மறுப்பார் என்றுதான் நினைத்தோம். ஜெயிலில் அந்த மனுவைக் காட்டினார்களாம். அடித்து எழுதிய இடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினாராம்.

இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து சேர்ந்தார். கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயர், பெற்றவர் தம்பி. தாரை வார்ப்பது யார்? புரோகிதர் காத்திருந்தார். எதிரெதிரே நின்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சட்டைப்பையில் காகிதம் தேடினேன். அப்போதுதான் சின்னம்மா முதல் தடவையாக மூத்தவர் எதிரில் வந்து நின்றார்: "கணக்கப்பிள்ளை, நீங்க பந்திக்குப் போங்க. அவுக பேசிக்கிருவாக."

நான் போனேன், மெதுவாகத்தான். முதுகுக்குப் பின்னால் பெரியதுரையின் குரல் கேட்டது: "ஏலே, இப்படி மெலிஞ்சு போயிட்டியேடா. வா, நீயே தாரை வார்."

கம்பம் பள்ளத்தாக்கின் அரசியலை எழுதப்போகிறேன் என்று யார் வந்தாலும் அந்தக் கட்டுகளை எடுத்துக் காட்டுகிறேன். எல்லாம் என் கையெழுத்தில், நகலோடு, தேதிவாரியாக இருக்கின்றன, அந்த ஒரு பேச்சைத் தவிர.