நெஞ்சில் துள்ளிய நெல்லிக்காய்

இப்போது இதயத்துக்குப் பக்கத்தில் பேட்டரி வைத்துத் தைக்கிறார்கள். சிலருக்கு அதைச் சுற்றிச் சதை வளர்ந்து கட்டியாகிவிடுகிறதாம். பேட்டரியே இல்லாமல் என் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கட்டி வந்தது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில்.

நான் திருவாடானைப் பக்கத்திலிருந்து ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் வாக்கப்பட்டு வந்த புதிது. அவருடைய இடது மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒன்று புடைத்தது. நெஞ்சு அடிக்கும்போதெல்லாம் அதுவும் துள்ளியது. இதயமே வெளியே எட்டிப் பார்க்கிறது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வந்தவர்களெல்லாம் காதை வைத்துக் கேட்டார்கள். அவரும் சளைக்காமல் சட்டையைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

என் பாடுதான் திண்டாட்டம். வந்தவள் கால் ராசி சரியில்லை என்று மாமியார் என் காதுபடவே சொன்னார். என் வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் கதி என்ன என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடப்பேன்.

கடைசியில் அவரும் நானும் மாமியாரும் பஸ் ஏறி ராமநாதபுரம் போனோம். டாக்டர் அவரை உள்ளே கூட்டிப்போய், மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியைக் கீறி எடுத்தார். பீங்கான் தட்டில் எங்களிடம் கொண்டுவந்து காட்டியது வெள்ளையாக ஒரு சதைப் பை. அதற்குள் ஒரு கருவேல முள், தூளியில் பிள்ளை மாதிரிப் படுத்திருந்தது. வேண்டாத பொருள் உள்ளே தங்கினால் சதை அதைச் சுற்றிச் சுவர் கட்டிவிடுமாம். இதயத்துக்கு நேர் மேலே இருந்ததால்தான் துள்ளியது, இதயத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

முள் எப்படி மார்புக்குள் போனது என்று டாக்டர் கேட்டார். கட்டுப் போட்ட மார்போடு வந்து நின்ற என் வீட்டுக்காரர், என்னையும் தன் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ கால் ராசியெல்லாம் ஒண்ணுமில்ல ஆத்தா. கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணை ஒரு தரம் பார்த்துருவோம்னு இவ வீட்டு வேலியில ஏறுனேன். வழுக்கி முள்ளு மேலயே விழுந்துட்டேன்."

பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாலி கட்டும்வரை மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கக் கூடாது. அதனால்தான் மனிதர் முள் குத்தியதைப் பற்றி மூச்சே விடவில்லை. மாமியாரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"பார்த்தீகளா?" என்றேன் மெதுவாக.

"எங்குட்டுப் பார்க்க? விழுந்த சத்தத்துக்கு உள்ள நீ சிரிச்ச. அதை மட்டுந்தான் கேட்டுட்டு வந்தேன்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் சிரித்தேன். சிரிப்பை அடக்கச் சொல்லி மாமியார் கையை ஓங்கினார்.

என் வீட்டுக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்குக் கேட்டது இந்தச் சிரிப்புத்தான் ஆத்தா," என்றார்.