பதினேழாம் எண் குளோன்

அந்த மனிதரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. எங்கள் ஆய்வகத்தின் தலைவர் அவர்; எல்லாரும் டாக்டர் என்று கூப்பிடுவோம். ஜெலுத்தோங் வட்டாரத்தில் ஒரு கட்டடம்; கீழே டயர் கடை, மேலே இரண்டு மாடி நாங்கள். மலாய்ப் பேச்சில் நாங்கள் கெரெத்தா என்கிற தன் காரைக் கீழே நிறுத்திவிட்டு, யாரைத் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டேதான் படியேறி வருவார். தமிழர்தானே, நம்மிடம் கொஞ்சம் தன்மையாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். எங்கே! தமிழ் தெரிந்ததால் எனக்கு மட்டும் இரண்டு மொழியில் திட்டு கிடைத்தது, அவ்வளவுதான்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உடம்பின் எதிர்ப்பு செல்கள் புற்றுநோயை அடிக்கப் போனால், புற்றுநோய் அவற்றின் மேலிருக்கும் ஒரு பிரேக்கை அழுத்தி நிறுத்திவிடும். அந்தப் பிரேக்கை விடுவிக்கத்தான் எங்கள் வாடிக்கையாளர்களான கம்பெனிகள் மருந்து தேடுகின்றன. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, அதே பிரேக்கைச் சுமக்கிற, பிரேக் விட்டதும் ஒளிர்கிற செல்கள் வேண்டும். அவற்றை உண்டாக்குவது என் பிழைப்பு. மரபணுவை உள்ளே நுழைத்து, ஏற்காத செல்களை நச்சு மருந்து ஊற்றிச் சாகடித்து, பிழைத்தவற்றை ஒவ்வொன்றாகத் தனிக் குழியில் வளர்க்க வேண்டும். ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்தான் குளோன். அதோடு முடிந்ததா? இல்லை. பல குளோன்கள் முதலில் ஜோராக ஒளிர்ந்துவிட்டு, வாங்கிக்கொண்ட மரபணுவை மெல்ல மெல்ல அடக்கிவிடும். மாதக்கணக்கில் வளர்த்துப் பார்த்தால்தான் எது நிலைக்கும் என்று தெரியும்.

எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது. பதினேழாம் எண். ஒளி கொஞ்சம் மங்கல்தான். ஆனால் முதல் வாரம் என்ன ஒளியோ, எட்டாம் மாதமும் அதே ஒளி. தைப்பூசத்தன்று ஊரே தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனபோதுகூட நான் ஆய்வகத்தில் உட்கார்ந்து அதற்குத் திரவம் மாற்றிக்கொண்டிருந்தேன். வேறு எதையும் நான் அவ்வளவு பொறுமையாக வளர்த்ததில்லை.

நான்காம் எண் வேறு ரகம். பளீரென்று எரியும், வாரத்துக்கு வாரம் இறங்கும். டாக்டருக்கு அதன் மேல்தான் ஆசை. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாயைத் திறந்தேன்.

"டாக்டர், நாலு விழுந்துகிட்டே வருது. பதினேழ அனுப்பலாம்."

"படத்தப் பாரு, எவ்ளோ வெளிச்சம். கஸ்டமர் பாத்ததும் ஓகே சொல்லிட்டான்லா."

"இப்ப வெளிச்சம். நாலு மாசம் கழிச்சு?"

"நீ டெக்னீஷியன்மா. செல்லுக்குச் சாப்பாடு போடு. யோசிக்கிறத நான் பாத்துக்கறேன்."

யாரோ சிரித்தார்கள். நான் குறிப்பேட்டை மூடி வைத்தேன்.

மறுநாள் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. செல்களைக் குப்பிகளில் உறைய வைக்கும் நைட்ரஜன் தொட்டியில் இடமில்லையாம். நான்கைத் தவிர மற்ற குளோன்களை எல்லாம் அழித்துவிட வேண்டுமாம்.

இந்த மாதிரி உத்தரவு எந்த ஆய்வகத்திலும் வரும். எந்த ஆய்வகத்திலும் யாரும் முழுசாகக் கீழ்ப்படிவதில்லை. ஒரே ஒரு குப்பியை வேறு பெட்டியின் மூலையில் ஒளித்து வைத்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிடுவோம். நானே அதற்கு முன் எத்தனையோ ஒளித்திருக்கிறேன். நைட்ரஜன் தொட்டியைக் கவனித்துக்கொண்ட அக்கா அன்றும் கண்ணைக் காட்டினார்.

"ஒண்ண எடுத்து என் பெட்டில சொருகுடி. நான் பாத்துக்கறேன்."

"வேணாங்க்கா. எழுத்துல குடுத்திருக்காரு. எழுத்துப்படியே செய்றேன்."

"பைத்தியமா ஒனக்கு?"

பைத்தியம்தான். பதினேழின் பதினோரு குப்பிகளையும் எடுத்து உருக வைத்தேன். ஒவ்வொன்றிலும் பிளீச் ஊற்றினேன். இளஞ்சிவப்புத் திரவம் நிறம் போய் வெளுத்தது. இன்குபேட்டரில் வளர்ந்துகொண்டிருந்ததையும் விடவில்லை. பதினோராவது குப்பியில் மட்டும் கை ஒரு நிமிடம் நின்றது. டெக்னீஷியன்மா என்று அவர் சொன்ன குரல் காதில் விழுந்தது. ஊற்றிவிட்டு, உத்தரவுப்படி முடிந்தது என்று பதில் அனுப்பினேன்.

ஐந்து மாதம் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. நாங்கள் அனுப்பிய நான்காம் எண் செல்கள் ஒளிரவே இல்லை. எனக்கு அன்று பண்டிகை. சூலியா தெருவிலிருந்து நாசி கண்டார் சோறும் கறியும் தாப்பாவ் பண்ணி வரவழைத்து, சாப்பாட்டு அறையில் பொட்டலத்தைப் பிரித்து ஆற அமரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"பதினேழு எங்க?"

"கொட்டிட்டேன் டாக்டர்."

"அது சரி. ஒளிச்சு வச்சது எங்க?"

"ஒளிக்கல."

சிரித்தார். "நான் கோவிக்கலமா. எல்லாரும் செய்றதுதானே, நானும் செஞ்சிருக்கேன். நீ ஒண்ணாவது வச்சிருப்பேன்னு நம்பித்தானே அந்த மெயில அடிச்சேன்."

"மெயில்ல அப்படி இல்லையே டாக்டர்."

அந்த முகத்தைப் பார்க்கத்தான் ஐந்து மாதம் காத்திருந்தேன். ஆசை தீரப் பார்த்தேன். அவர் கத்தவில்லை. எழுந்து போய்விட்டார்.

மறுபடி செய்யச் சொன்னார்; செய்தேன். அதே செல், அதே மரபணு. ஆனால் மரபணு தனக்குத் தோன்றிய இடத்தில்தான் போய் உட்காரும். பதினேழுக்குள் அது எங்கே உட்கார்ந்திருந்தது என்று நாங்கள் யாரும் பார்த்து வைக்கவில்லை. புதிய குளோன்கள் ஒன்று விடாமல் மங்கின. கடைசியும் மங்கிய வாரம், வாடிக்கையாளர் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக எழுதிவிட்டார்.

டாக்டர் இன்றுவரை என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அவரை மன்னிப்பதாக இல்லை. வாடிக்கையாளரின் கடிதம் வந்த அன்றும் தொட்டியருகே நின்று அக்காவிடம் அவரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தேன். அவர்தான் உத்தரவு எழுதினார், அவர்தான் பதினேழைக் கொன்றார் என்றேன். அக்கா மூடியைச் சாத்தி, கையுறையைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவரு மேல கோவம்னா அவரு கெரெத்தால கோடு கிழிச்சிருக்கலாம்லடி. பதினேழு ஒன்ன என்ன பண்ணுச்சு?"